400 பெயர்கள், ஒரு எக்ஸெல் ஷீட்: வரலாறு படிக்கிறவர்களுக்கு டேட்டா பாடம் எதற்கு?

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போன எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்த்திருப்போம். நந்தியோடு செல்ஃபி எடுத்திருப்போம். கல்லில் இருக்கும் எழுத்துகளை நின்று பார்த்தவர்கள் குறைவுதான். அந்த எழுத்துகளுக்குள் ஓர் ஆச்சர்யம் இருக்கிறது. முதலாம் ராஜராஜனின் 29-வது ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1014 வாக்கில் வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டு. சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 பெண்களின் பட்டியல் அது. 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்று அவர்களைக் குறிப்பிடுகிறது கல்வெட்டு.

எந்தத் தெரு, தெருவின் எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு, எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, எத்தனை பங்கு... இத்தனை விவரமும் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்துவிட்டாலோ, ஊரைவிட்டுப் போய்விட்டாலோ அந்தப் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்ற விதியும் அதிலேயே இருக்கிறது. பெண்களின் பட்டியல் முடிந்ததும் நட்டுவனார்கள், பாடுபவர்கள், கொட்டுபவர்கள், கணக்கர்கள், தையற்காரர்கள், நாவிதர், வண்ணார் என்று அடுத்த பட்டியல் தொடங்குகிறது.

ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கும் எக்ஸெல் ஷீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கம்ப்யூட்டருக்குப் பதிலாகக் கல், அவ்வளவுதான்.

"ஹிஸ்டரி குரூப் எடுத்த பிள்ளைக்கு டேட்டா எல்லாம் எதுக்குங்க?" என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கல்வெட்டைக் காட்டலாம். வரலாறு, தமிழ் இலக்கியம், தொல்லியல், அருங்காட்சியகவியல் என்று எதைப் படித்தாலும் கடைசியில் கையில் வந்து நிற்பது பட்டியல்கள்தான். கல்வெட்டுப் பட்டியல், ஓலைச்சுவடிப் பட்டியல், அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டுப் பட்டியல், மியூசியத்தில் இருக்கும் சிலைப் பட்டியல். இவையெல்லாம் இப்போது வேகமாகக் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. உள்ளே போடுவது யார், எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நாளைக்கு நம் போனில் வந்து விழும் வரலாறு இருக்கும்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

அந்த 400 பெயர்களையும் ஒரு ஷீட்டில் ஏற்றச் சொல்லி மாணவர்களிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66-ம் எண்ணாக இது அச்சாகியிருக்கிறது. பார்த்து டைப் செய்ய வேண்டியதுதானே என்று தோன்றும். முதல் கட்டத்திலேயே பிரச்னை.

எல்லாப் பெண்களின் பெயருக்கு முன்னாலும் 'நக்கன்' என்று இருக்கிறது. நக்கன் சோழகுலசுந்தரி, நக்கன் எடுத்தபாதம், நக்கன் ஏகவீரி என்று. பெயரை இடைவெளி விட்ட இடத்தில் இரண்டாக வெட்டு என்று கணினிக்குச் சொன்னால் வெட்டிவிடும். பிறகு 'அதிகம் பேருக்கு இருக்கும் முதல் பெயர் எது?' என்று கேட்டால், 'நக்கன், 400 பேர்' என்று சிரிக்காமல் பதில் சொல்லும். அது சிவனோடு தொடர்புடைய ஓர் அடைமொழி. கோயிலைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டுகிறது. இது கணினிக்குத் தெரியாது. கணினி படித்த எல்லோருக்கும் தெரியும் என்றும் சொல்ல முடியாது. கல்வெட்டு படித்தவருக்குத் தெரியும்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். அந்தப் பெண்களில் திருவையாறு, மறைக்காடு என்ற பெயருடையவர்கள் இருக்கிறார்கள். திருவையாறு என்ற ஊரிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். மொத்தமாக 'திருவையாறு' என்று தேடி எண்ணினால் பெண்ணும் ஊரும் ஒரே கூடையில் விழுந்துவிடும். பெயருக்கு ஒரு நெடுவரிசை, ஊருக்கு ஒரு நெடுவரிசை, கோயிலுக்கு ஒரு நெடுவரிசை என்று பிரிப்பது வெறும் க்ளார்க் வேலை கிடையாது. எது எங்கே போக வேண்டும் என்று முடிவெடுப்பதே கல்வெட்டைப் படிப்பதுதான்.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். 'கௌதமி' என்று சரியாக டைப் செய்வார் ஒருவர். இன்னொருவர் 'கெ'வுக்குப் பக்கத்தில் 'ள' போட்டு 'கெளதமி' என்பார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டு வேறு பெண்கள். 'கொ' என்ற எழுத்தைக்கூட யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். திரையில் அச்சு அசல் ஒரே மாதிரி தெரியும், தேடினால் பாதிதான் கிடைக்கும். ஆங்கிலத்தில் எழுதினாலும் தப்பிக்க முடியாது. தஞ்சாவூர் மட்டும் எத்தனை ஸ்பெல்லிங்கில் இருக்கிறது! 2020 ஜூனில் தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப் பெயர்களை உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி ஓர் அரசாணை வந்ததும், கிண்டலும் விமர்சனமுமாகக் கிளம்பிய சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது என்பது அரசாங்கத்துக்கே அத்தனை பெரிய தலைவலி.

எக்ஸெல் செய்யும் குறும்பு

கல்வெட்டு ஆய்வில் ஒரு வழக்கம் உண்டு. 1887-லிருந்து தொடங்கும் ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண் இருக்கும். 1908-ம் ஆண்டின் ஐந்தாவது கல்வெட்டு என்பதைச் சுருக்கமாக 5/1908 என்று எழுதுவார்கள். இதை அப்படியே எக்ஸெல்லில் டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். 'மே-08' என்று மாறி நிற்கும்! நாம் தேதியைத்தான் எழுதுகிறோம் என்று அது தானாகவே நினைத்துக்கொள்கிறது. 123/1908 என்று போட்டால் மாறாது. ஏனென்றால் 123-வது மாதம் என்று ஒன்று இல்லை. ஆக, ஒரே நெடுவரிசையில் சில எண்கள் தேதியாகவும் மற்றவை எழுத்தாகவும் கிடக்கும். ஆயிரம் வரிக்குப் பிறகு கவனித்தால் தலை சுற்றும்.

இதற்கு வரலாற்று மாணவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் விஞ்ஞானிகளே இதில் மாட்டியவர்கள்தான். மார்ச், செப்டம்பர் மாதங்களைப் போல ஒலித்த சில ஜீன் பெயர்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். 2020-ல் இது பெரிய செய்தியானது. எண்ணைப் போடும் முன் அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று அறிவித்துவிட்டால் போதும். ஐந்து நொடி வேலை. ஆனால் யாராவது சொல்லித்தர வேண்டும்.

1900-க்கு முந்தைய தேதிகளையும் எக்ஸெல் தேதியாக ஏற்றுக்கொள்ளாது. அதன் நாள்காட்டி அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. ராஜராஜன் அதற்கு வெறும் எழுத்து!

எந்தப் பரகேசரி?

உண்மையான சிக்கல் மென்பொருளில் இல்லை, ஆண்டில் இருக்கிறது. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூட்டிக்கொண்டார்கள். 'பரகேசரிவர்மனின் 14-வது ஆண்டு' என்று மட்டும் ஒரு கல்வெட்டு சொன்னால், அது முதலாம் பராந்தகனாகவும் இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம். இருவருக்கும் இடையில் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. எழுத்தின் வடிவம், அதில் வரும் அதிகாரிகளின் பெயர் என்று பலவற்றைப் பார்த்துத்தான் நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வருவார்கள். சில சமயம் வர முடியாமலும் போகும்.

ஷீட்டோ 'ஆண்டு' என்று ஒரே ஒரு கட்டம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அங்கே மாணவர் அவசரமாக ஓர் எண்ணை நிரப்பிவிட்டால், அடுத்த நிமிடத்திலிருந்து அது உறுதியான உண்மை மாதிரி நடமாடத் தொடங்கிவிடும். கிராஃப் போடும்போது அந்த எண்ணும், சந்தேகமே இல்லாத 1014-ம் ஒரே உயரத்தில் நிற்கும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கட்டத்துக்குப் பதில் நான்கு: கல்வெட்டில் உள்ளபடி, எந்த ஆண்டிலிருந்து, எந்த ஆண்டுவரை, யார் கணித்தது. கார்பன் பரிசோதனை முடிவுகளும் இப்படி வரம்பாகத்தான் வரும். வாட்ஸ்அப்புக்கு வரும்போதுதான் அது ஒற்றை ஆண்டாகச் சுருங்கிவிடுகிறது.

நம் வீட்டிலேயே இந்தப் பிரச்னை இருக்கிறது. பரண்மேல் கிடக்கும் ஜாதகத்தில் 'துன்மதி வருடம்' என்று மட்டும் இருந்தால் அது எந்த ஆண்டு? தமிழ் வருடங்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருபவை. 1861, 1921, 1981 மூன்றிலும் துன்மதி பிறந்திருக்கிறது. பேரனா, தாத்தாவா, தாத்தாவின் தாத்தாவா என்று காகிதத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சுத்தம் செய்யும் கருவி

பெயர்க் குழப்பங்களைச் சீர்செய்ய 'ஓப்பன்ரிஃபைன்' என்ற இலவச மென்பொருள் உலகம் முழுக்க நூலக, அருங்காட்சியக மாணவர்களுக்குக் கற்றுத்தரப்படுகிறது. 'புரோகிராமிங் ஹிஸ்டாரியன்' என்ற இலவசப் பாடத் தொகுப்பில் இதற்கு ஒரு பிரபலமான பாடம் இருக்கிறது. சிட்னியின் பவர்ஹவுஸ் மியூசியம் வெளியிட்ட பொருள் பட்டியலை, 75,000-க்கும் மேற்பட்ட வரிகளோடு, அப்படியே மாணவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு தடவை பதிவானவை, காலிக் கட்டங்கள், ஒரே வகைக்குப் பல ஸ்பெல்லிங் என்று நிஜ உலகத்தின் அத்தனை அழுக்கும் அதில் உண்டு. சுத்தம் செய்தபடியே கற்றுக்கொள்ள வேண்டும். பாடப்புத்தகத்துக்காகத் தயாரித்த பளபள உதாரணத்தைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரே மாதிரி இருக்கும் பெயர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துக் காட்டி, 'இவை ஒன்றுதானா?' என்று கேட்கும் இந்த மென்பொருள். திருவாரூரையும் திருவாதவூரையும் பக்கத்தில் வைத்துக் கேட்கவும் வாய்ப்புண்டு. ஒன்று தியாகராஜர் ஊர், இன்னொன்று மதுரைப் பக்கம் மாணிக்கவாசகர் ஊர். 'ஆம்' என்று தட்டினால் ஒரே க்ளிக்கில் இரண்டு ஊரும் கலந்துவிடும். மறுபக்கம், தஞ்சையும் தஞ்சாவூரும் ஒன்று என்பதை யோசிக்க அதற்கு வழியில்லை. க்ளிக் செய்யும் விரலுக்குப் பின்னால் ஊர் தெரிந்த ஒரு மூளை வேண்டும். பொறியியல் படித்தவரைவிட இந்த வேலைக்கு வரலாறு படித்தவர் அதிகம் தேவைப்படுவது இங்கேதான்.

ஒரு பட்டியல் சொல்லும் கதை முழுக்கதையா?

இனிமேல் வருவதுதான், எனக்குத் தெரிந்து, இந்தப் பாடத்தின் மையம்.

தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டு மிகவும் புகழ்பெற்றது. அந்தக் காலத்துக் கோயில் பெண்கள் என்றாலே எல்லோரும் இந்த 400 பேரைத்தான் சொல்வார்கள். அரசன் வரவழைத்தான், கோயிலில் ஆடினார்கள், நெல் கிடைத்தது என்று ஒரு சித்திரம் மனதில் பதிந்துவிடும். பிற்காலத்தில் தேவதாசி முறை பற்றி நடந்த வாதங்களிலும் இந்தச் சித்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லெஸ்லி ஓர் ஒரு காரியம் செய்தார். புகழ்பெற்ற ஒரு கல்வெட்டோடு நிற்காமல், சோழர் காலத்தில் கோயில் பெண்கள் வரும் கல்வெட்டுகளையெல்லாம் திரட்டினார். அந்தப் பெண் அதில் என்னவாக வருகிறார் என்று ஒவ்வொன்றிலும் பார்த்து எண்ணினார். 2000-ல் புத்தகமாக வந்தது அந்த ஆய்வு. அதில் தெரிந்த சித்திரம் வேறு. கோயில் பெண்கள் அதிகமாகத் தென்படுவது ஆடுபவர்களாக அல்ல, கொடை கொடுத்தவர்களாக! சொந்தப் பொருளைக் கோயிலுக்குத் தந்து, தங்கள் பெயரைத் தாங்களே கல்லில் பதித்துக்கொண்ட பெண்கள். தஞ்சாவூர்ப் பட்டியல் பெரியதுதான்; ஆனால் அது ஒரு விதிவிலக்கு.

ஒரே இடத்தில் 400 வரி இருக்கிறது என்பதற்காக அது காலம் முழுவதற்கும் பிரதிநிதி ஆகிவிடாது. இதை ஒரு மாணவி தன் கையால் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தால், பிறகு எந்தப் புள்ளிவிவரத்தையும் அவளிடம் அவ்வளவு எளிதாக விற்க முடியாது. அந்தப் பெண்களைப் பற்றி நாம் இன்று பேசும் விதம்கூட இந்தக் கணக்கால் மாறுகிறது.

எண்ணிக்கை ஏமாற்றும் இன்னோர் இடமும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் கல்வெட்டுகள் பெருகுகின்றன என்றால், அப்போது கொடை பெருகியதா, கல் பெருகியதா? செம்பியன் மாதேவி பல செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக மாற்றிக் கட்டினார். கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் திருக்கோடிக்காவலில், பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் திரும்ப வெட்டி, 'இது பழைய கல்லின் படி' என்று கல்வெட்டிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். மூலம் எது, நகல் எது என்று கவலைப்பட்ட நேர்மையான டேட்டா என்ட்ரி! ஆனால் எல்லா ஊரிலும் இப்படி நடந்திருக்காது. இடித்ததோடு போனது எவ்வளவோ. இல்லாத கல்வெட்டை எந்த ஷீட்டும் காட்டாது. காலிக் கட்டம் வேறு, பூஜ்யம் வேறு.

இது புதுசு இல்லை

மனிதப் பண்பாட்டைப் படிக்கிறவர்கள் டேட்டாவைத் தொடுவது இப்போது வந்த ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த ஐராவதம் மகாதேவன், கணினியின் துணையோடு சிந்துவெளி எழுத்துகளுக்குத் தொடரடைவு உருவாக்கி 1977-ல் வெளியிட்டார். எந்தக் குறி, எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் எத்தனை தடவை வருகிறது என்ற அட்டவணைகள் அவை. அதற்கு அடுத்த ஆண்டே, ஜப்பானிய வரலாற்றாளர் நொபொரு கராஷிமா, எ.சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள்பெயர்களுக்குத் தொடரடைவு கொண்டுவந்தார்கள். பதிப்பித்தது மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை.

கராஷிமா அதற்கு முன்பே, 1960களில், திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, நிலம் யார் பெயரில் இருந்தது என்று வரிசையாகப் பார்த்தார். பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆள்கள் நிலம் வைத்திருந்தார்கள். அல்லூரில் ஊராரே பொதுவாக வைத்திருந்தார்கள். இந்தியக் கிராமம் என்றால் காலங்காலமாக மாறாமல் ஒரே மாதிரி இருந்தது என்ற பழைய நம்பிக்கையை அசைத்துப் பார்த்தது இந்த வகை ஆய்வு. பைத்தானோ, பவர் பிஐயோ இல்லை. பொறுமையும் அட்டவணையும்தான்.

எங்கே தொடங்கலாம்?

முதல் நாளே கோடிங் என்று பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ் இலக்கியம் படிக்க வந்த பெண்ணை முதல் வகுப்பிலேயே கறுப்புத் திரைமுன் உட்காரவைத்தால் இரண்டாவது வகுப்புக்கு வர மாட்டாள். காகிதம், பென்சில், பத்துக் கல்வெட்டு போதும். ஒரே கல்வெட்டை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து அட்டவணை போடச் சொல்ல வேண்டும். ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் அந்த அரைமணி நேரம்தான் உண்மையான வகுப்பு. எந்த நெடுவரிசைக்கு என்ன பொருள் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிவைக்கும் பழக்கமும், மூலக்கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யும் பழக்கமும் அந்தச் சண்டையிலிருந்து தானாக வரும். மென்பொருள் அதற்குப் பிறகு.

நாள் முழுக்க 'வியூஸ்' எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை என்னுடையது. அந்த எண் எத்தனை பேர் தொட்டார்கள் என்று சொல்லும். எத்தனை பேர் கடைசி வரி வரை வந்தார்கள் என்று சொல்லாது. இந்த வித்தியாசம் தெரிவதும் இதே பாடத்தில் சேர்த்திதான்.

கல்வெட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது: மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை என்று மூன்று நெடுவரிசையோடு தயாராக இருக்கும் டேட்டா. அப்பா அம்மா கல்யாண நோட்டும், உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த விசேஷத்தின் நோட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. 1985-ன் 11 ரூபாயையும் இன்றைய 501-ஐயும் நேராக ஒப்பிட முடியுமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று ஒரு மேப்பில் புள்ளி வைத்தால், குடும்பம் எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது என்று தெரியும். எத்தனை பெண்கள் சொந்தப் பெயரில் மொய் எழுதியிருக்கிறார்கள், எத்தனை பேர் 'முருகேசன் சம்சாரம்' என்று மட்டும் இருக்கிறார்கள் என்று எண்ணலாம்.

நோட்டில் 'மேலத்தெரு ராசு' என்று ஒரு வரி இருக்கும். எந்த ராசு என்று பாட்டிக்குத்தான் தெரியும். நான்காவதாக ஒரு நெடுவரிசை போட்டு, பாட்டி சொல்வதை அதில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, கேட்ட தேதியையும்.